சாரல் மாதங்களில் பகல்பல்லிக்குப் புறஊதா விளக்கு தேவையா?

கேள்வி (செங்கோட்டை):
முறைப்படி பதிவு செய்த மடகாஸ்கர் பகல்பல்லி (பகலில் நடமாடும் பல்லியினம்) இணை ஒன்றை வளர்த்து வருகிறேன். ஆனி, ஆடியில் ஆரியங்காவுப் பக்கமிருந்து மேகம் ஏறிவந்து சாரல் பிடித்துவிட்டால், இங்கே வெயிலைக் காண நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே கண்ணாடித் தொட்டியைக் கிழக்கு ஜன்னலோரம் வைத்து, ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலைக் காட்டுகிறேன். பூச்சிகளில் கால்சியம் பொடியும் தூவுகிறேன். ஆயினும் பெண் பல்லியின் கீழ்த்தாடை நெகிழ்ந்தும் வால் சற்றுக் கோணலாகவும் தெரிகின்றன. கழுத்தின் இருபுறமும் வெள்ளையாகப் புடைத்துள்ளது. வைட்டமின் டி கலந்த பொடியைக் கூட்டினால் போதுமா?

பதில் (கம்பம்):
ஐயா, முதலில் பல்லியை மருத்துவரிடம் காட்டுங்கள். நெகிழ்ந்த தாடை எலும்புச் சிதைவின் அறிகுறி. உங்களுக்கு எட்டும் தொலைவில் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.

கழுத்துப் புடைப்பைப் பற்றி மட்டும் அஞ்ச வேண்டாம். பகல்பல்லிகள் கால்சியத்தை அங்குள்ள பைகளில் சேமித்து, முட்டை ஓட்டுக்குப் பயன்படுத்துகின்றன. பெண்ணிடம் அது நன்றாகவே தெரியும்.

ஜன்னல் வெயிலால் வைட்டமின் டி உண்டாவதில்லை. தோலில் அது உருவாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா பி கதிர் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அதை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடுகிறது. வெப்பம் மட்டும் உள்ளே தங்குவதால், நல்ல வெயிலில் மூடிய தொட்டி பல்லியைக் கொன்றும்விடும்.

பொடியைக் கூட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஒளியால் தோலில் உருவாவது மிகுந்தால், அதே ஒளி உபரியைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. வாய்வழி செல்லும் வைட்டமினுக்கு அந்தத் தடுப்பு இல்லாததால், அளவு மீறினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

பதில் (பாறசாலை):
விளக்கு கட்டாயம் வாங்குங்கள். எல்இடி விளக்கு போதாது. ஊர்வனவற்றுக்கென விற்கும் டி5 (மெல்லிய குழல் வகை) புறஊதா டியூப் வேண்டும். அதைக் கம்பிவலை மூடிக்கு மேலே வைத்தால் வலையே கணிசமான கதிரைத் தடுக்கும் என்பதால், உரிய மீட்டரால் வலைக்குக் கீழே, பல்லி வெயில்காயும் கிளையில் அளக்க வேண்டும். நான் அவ்விடத்தில் புறஊதாக் குறியீட்டை (கதிரின் வலிமையைக் காட்டும் எண்) 2 முதல் 3 வரை வைத்து, மூங்கில் துண்டுகளுக்குப் பின்னே முழு நிழலும் விட்டிருக்கிறேன். எவ்வளவு வேண்டும் என்பதைப் பல்லியே முடிவு செய்யட்டும். நாள்பட, டியூப் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் புறஊதா குறைந்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாது.

கேட்டவர்:
நன்றி. நாளைக் காலையே பல்லியைத் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்கிறேன். தொட்டியை ஜன்னலை விட்டு இப்போதே நகர்த்திவிட்டேன்.