கலைச்சொல்: "எண்ணெய் மீன்" வேண்டாம், "கொழுமீன்" வைக்கலாம்

> நம் உடல்நலக் கட்டுரைகளில் ஆயிலி ஃபிஷ் (oily fish) என்பதற்கு "எண்ணெய் மீன்" என்றே எழுதிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

அண்ணா, புரியும்தான், ஆனால் வேறாகப் புரியும். மாரடைப்பு வந்து தேறியவர் "வாரம் இருமுறை எண்ணெய் மீன்" என்று படித்தால் பொரித்த மீன் என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வருவதோ மத்தி, கானாங்கெளுத்தி போலத் தசையிலேயே கொழுப்பு ஏறிய மீன்களை. அதற்குக் "கொழுமீன்" பொருந்தும். சங்கப் பாடல்களில் உள்ள சொல்தான். கொழுத்த மீன் என்று பொருள். "நெய்மீன்" எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, மத்திக்கு நெய்ச்சாளை என்ற பெயரும் உண்டு. ஆனால் கேரளத்தில் நெய்மீன் என்றால் வஞ்சரம். அதனால் விட்டுவிடலாம்.

> கொழு என்று தொடங்கினால் இதயத்துக்குக் கெடுதி என்று பயப்பட மாட்டார்களா?

கொழுப்பு எல்லாமே கெடுதி என்ற அந்த எண்ணம்தான் மாற வேண்டும். இந்த மீன்களில் உள்ள ஒமேகா-3 அமிலங்கள் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைப்பவை.

எனக்குப் பெரிய கவலை வேறு. நம் கட்டுரைகளில் உண்ணும் மீன், மீன் எண்ணெய் மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய் மூன்றும் "மீன் எண்ணெய்" என்ற ஒரே பெயரில் வருகின்றன. ஆய்வு முடிவுகள் அப்படி ஒன்றாக இல்லை. 1989இல் வெளிவந்த வேல்ஸ் ஆய்வில், மாரடைப்பிலிருந்து தேறிய 2,033 ஆண்களில், கொழுமீன் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களிடையே இரண்டு ஆண்டுகளில் இறப்பு 29 சதவீதம் குறைவு. அதே குழுவினர் பின்னர் நெஞ்சுவலி உள்ள ஆண்களிடம் செய்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. மாத்திரைக் கதை தனி. 25,871 பேர் பங்கேற்ற வைட்டல் (VITAL) ஆய்வில் தினம் 1 கிராம் ஒமேகா-3 மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய நிகழ்வுகளைக் கணிசமாகக் குறைக்கவில்லை. ஒமேகா-3 அமிலங்களில் ஒன்றான இபிஏ மட்டுமே உள்ள மருந்தைத் தினம் 4 கிராம் கொடுத்த ரெடியூஸ்-இட் (REDUCE-IT) ஆய்வில் அவை 25 சதவீதம் குறைந்தன. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழுவினருக்குப் போலி மருந்தாகக் கனிம எண்ணெய் கொடுத்தது சரியா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதிக அளவில் எடுத்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஈரல் எண்ணெயிலோ வைட்டமின் ஏ, டி மிகுதி. அளவு மீறினால் ஆபத்து.

ஆகவே உண்ணும் மீன் கொழுமீன், உடல் தசையிலிருந்து எடுப்பது மீன் எண்ணெய், காட் (cod) என்ற கடல்மீன் போன்றவற்றின் ஈரலிலிருந்து எடுப்பது மீன் ஈரல் எண்ணெய் என்று பிரித்தே எழுதுவோம்.

அப்புறம், காட் மாதிரி தசையில் கொழுப்பு குறைந்த மீனுக்கும் ஒரு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் white fish என்கிறார்கள். அதை அப்படியே "வெண்மீன்" என்றால் சங்கத் தமிழில் வெள்ளிக் கோளாகிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்களேன், உங்கள் பக்கம் அந்த வகைக்குப் பொதுப்பெயர் ஏதும் உண்டா?