திருகோணமலையில் கணினி ஆலோசனைத் தொழில்: கடை போடாமல் தொடங்கலாமா?

கடல்முகத்தான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒன்பது வருடம் வேலை செய்தேன், கடைசி நாலு வருடமும் ஒரு நிறுவனத்தின் சேர்வரும் நெட்வேர்க்கும் முழுக்க என் பொறுப்பு. அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் தை மாதம் ஊரோடு வந்துவிட்டேன், இனித் திரும்பிப் போகிற யோசனை இல்லை. உவர்மலையில் சொந்த வீடு, வாடகை இல்லை, ஆறு மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் காசு இருக்கிறது.

கொம்பியூட்டர் விற்கவும் திருத்தவும் டவுனில் போதுமான கடைகள் உண்டு, அவர்களோடு போட்டிக்குப் போக எனக்கு விருப்பமும் இல்லை, முதலும் இல்லை. நான் நினைப்பது வேறு. ஒரு வியாபார இடத்துக்கோ விடுதிக்கோ போய், எது தேவை, எது வீண் செலவு, கணக்கு விபரமெல்லாம் எங்கே கிடக்கிறது, நாளைக்கு அந்த மெஷின் எரிந்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்துச் சொல்வது, அவர்கள் சம்மதித்தால் அதைச் செய்தும் கொடுப்பது.

பிரச்சினை காசு கேட்பதில்தான். போன கிழமை அப்பாவுக்குப் பழக்கமான ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனேன், இரண்டு நாளாக பில் போடுகிற மெஷின் ஒன்றும் வேலை செய்யவில்லை, இணையமும் இல்லை. மூன்று மணி நேரம் மேசைக்குக் கீழே குந்தியிருந்து தேடிப் பார்த்தால், பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன நெட்வேர்க் சுவிட்சில் ஒரே வயரின் இரண்டு தலைப்பும் செருகியிருந்தது, அனுப்புகிற தகவலெல்லாம் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி முழு நெட்வேர்க்கையும் அடைத்துவிட்டது. கூட்டும்போது தொங்கிக்கொண்டிருந்த தலைப்பை யாரோ நல்ல எண்ணத்தில் கண்ட துளையில் சொருகிவிட்டார்கள். கழற்றினேன். வெறி பிடித்ததுபோல மின்னிக்கொண்டிருந்த பச்சை லைட்டுகள் அந்தக் கணமே அடங்கின. கடை ஐயாவுக்கு உண்மையாகவே சந்தோஷம், பிளேன்ரீயும் வடையும் வந்தது, "தம்பி, சாமான் ஒன்றும் மாற்ற வேண்டி வரவில்லைத்தானே, நல்லதாய்ப் போச்சு" என்றார். அவ்வளவுதான். நல்ல மனுசர், ஒரு அடாப்டர் மாற்றியிருந்தால் கேட்காமலே எடுத்துத் தந்திருப்பார்.

சாமான் கை மாறாத வேலைக்கு எப்படிக் காசு கேட்பது? என்ன பதிவு செய்ய வேண்டும்? இந்த ஊரில் இதை வைத்துப் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கேபிள் எழுதியது:

தம்பி, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பத்து வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். முதல் இரண்டு வருடம் உங்களைப் போலவே வடையோடு வீட்டுக்குப் போனவன்.

ஒவ்வொரு தடவையும் போய்த் திருத்தி அந்த இடத்திலேயே காசு கேட்டால் பேரம்தான் வரும். மாதக் கணக்குக்கு மாறுங்கள். ஒரே ஒரு தாள், தமிழில், கடைக்காரர் வாசித்து விளங்குகிற மாதிரி: மாதம் இரண்டு தடவை வருவேன், போன் எடுத்தால் பதில் சொல்வேன், பக்அப், அதாவது கணக்கு விபரத்தின் மேலதிகப் பிரதி, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன், சாமான் விலை தனி, கமரா பூட்டுவது தனி, பிரிண்டர் மை நிரப்புவது என் வேலையில்லை. கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் எழுதுங்கள், எழுதாவிட்டால் பாதி நாள் அதிலேயே போகும். நான் முதல் ஒப்பந்தத்தை மாதம் 5,000 ரூபாவுக்குப் போட்டேன், அப்போது குறைவுதான், ஆனால் மாதம் பிறந்தால் வரும் என்று நம்பிப் பெட்ரோல் அடிக்கக்கூடிய காசு அது.

அடுத்தது பக்அப். எல்லாரும் "பக்அப் இருக்கு" என்பார்கள், போய்ப் பார்த்தால் அதே மெஷினில் இன்னொரு ஃபோல்டர், இல்லாவிட்டால் லாச்சிக்குள் ஒரு பென்ட்ரைவ். மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே, இது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் செய்வது என்னவென்றால் முதலாளியைப் பக்கத்தில் இருத்தி, போன மாதக் கணக்கு ஃபைல் ஒன்றின் பிரதியைப் பக்அப்பிலிருந்து எடுத்து வேறொரு மெஷினில் திறந்து காட்டுவேன். தன் கையெழுத்துப் போட்ட பில்லின் தொகை அங்கே தெரியும்போது அந்த மனுசர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு மாதக் காசு பற்றி என்னிடம் ஒருவரும் கதைத்ததில்லை.

விடுதிகளை மட்டும் நம்பாதீர்கள். இந்தக் கரையில் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு அடங்கும், பிறகு மாரி. கார்த்திகையில் "தம்பி, ஆக்களே இல்லை, தையில் பார்ப்போம்" என்பார்கள். அதனால் நான் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதுவேன், சீசனில் கூட, மாரியில் குறைய. வயர் மாற்றுவது, ரவுட்டர் இடம் மாற்றுவது எல்லாம் மாரியில்தான். கடற்கரை அறைகளில் உப்புக் காற்று சும்மா விடாது, வெளிப்பக்கம் போன கேபிளின் தலைப்பைக் கழற்றிப் பாருங்கள், செப்புப் பற்கள் பச்சை பூத்திருக்கும். வைஃபை அறுகிறது என்று ரவுட்டரை மூன்று தடவை மாற்றிய இடத்தில் அந்த ஒரு தலைப்பை வெட்டிப் புதிதாக அடித்துச் சரிசெய்திருக்கிறேன். டவுனில் இரண்டு பார்மசி, ஒரு டியூஷன் நிலையம், தம்பலகாமம் பக்கம் ஒரு அரிசி ஆலை என்று சேர்த்துக்கொண்டால் மாரியும் போய்விடும்.

முதல் தடவை பார்க்கவும் காசு வாங்குங்கள். சும்மா பார்த்தால் சும்மாவேதான் இருக்கும்.

நிலாவெளி விடுதிக்காரி எழுதியது:

அண்ணா சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். நாங்கள் ஏழு அறை விடுதி வைத்திருக்கிறோம், காசு கொடுக்கிற பக்கம் இருந்து சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் வந்து பார்க்கவே காசு என்றால் நான் கேற்றைத் திறக்கமாட்டேன். அரை மணி நேரம் சும்மா பாருங்கள், ஆனால் போகும்போது கண்டதை ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டுப் போங்கள். எங்களிடம் வந்த ஒரு பிள்ளை அப்படித்தான் செய்தது. விருந்தினர்களின் பாஸ்போர்ட் படங்கள் முழுக்க வரவேற்பறை மெஷினின் முகப்பிலேயே பூட்டில்லாமல் கிடக்கின்றன, விருந்தினரும் கணக்கு மெஷினும் ஒரே வைஃபையில் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அந்தத் தாளில்தான் தெரியும். அன்று இரவு நித்திரை வரவில்லை, விடியக் காலமை நானே போன் எடுத்தேன்.

இன்னொன்றை மன்றாட்டமாகக் கேட்கிறேன். எங்கள் முதல் இணையத்தளத்தைச் செய்து தந்தவர் அதன் பெயரைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்துவிட்டார். அவர் கெட்டவரில்லை, வசதிக்காகச் செய்தது. பிறகு வெளிநாடு போய்விட்டார், போன் நம்பர் மாறிவிட்டது, புதுப்பிக்கிற நாள் எங்களுக்குத் தெரியாது, ஒரு ஆனி மாதம், நல்ல சீசனில், தளம் காணாமல் போனது. நாலு வருடமாகப் பழைய விருந்தினர் எழுதுகிற மின்னஞ்சல் முகவரியும் அதோடு போனது. யாருக்கு வேலை செய்தாலும் டொமைன் என்கிற அந்த இணையத்தளப் பெயர், கடவுச்சொல், ரவுட்டரின் உள்நுழைவு எல்லாம் அவர்கள் பெயரில் இருக்கட்டும், எழுதி உறையில் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் நாளைக்கு இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று தெரிந்தால்தான் எனக்கு உங்களை வைத்திருக்கத் துணிவு வரும்.

பற்றுவரவு எழுதியது:

பதிவு பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நான் கணக்கு வேலை செய்பவள். தனி ஆளாகத் தொடங்குவதென்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் செய்யலாம். அந்தச் சான்றிதழை வைத்து வங்கியில் அந்தப் பெயரில் நடைமுறைக் கணக்குத் திறவுங்கள், வரிக்கான டின் இலக்கமும் எடுங்கள். வீட்டுச் செலவையும் தொழில் காசையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பிக்கொண்டு பங்குனி முடிவில் பற்றுச்சீட்டுப் பையோடு வருபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தனியார் கம்பனி, அதாவது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவது, இப்போதே வேண்டாம், செலவும் வருடாந்தப் படிவங்களும் கூட. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: தனி ஆள் வியாபாரத்தில் கடன் வந்தாலும் வழக்கு வந்தாலும் அது உங்கள் வீடு வரை வரும். வாடிக்கையாளரின் கணக்கு முழுக்க உங்கள் கையில் இருக்கிற தொழில் இது. பெரிய இடம் ஒன்று கிடைக்கும்போது கம்பனியாக்குவதை யோசியுங்கள்.

பெரிய வேலைக்குப் பாதிக் காசு முதலில். சாமான் வாங்க உங்கள் சேமிப்பில் கை வைக்காதீர்கள், அது அம்மாவுக்கு.

கிண்ணியாக்கரை எழுதியது:

தம்பி, இப்போது வேலை தானாகத் தேடி வருகிற ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 10 க்கு வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, இங்கே கடைகளில் ஓடுவதெல்லாம் பழைய நாலாம், ஆறாம் தலைமுறை இன்டெல் புரொசசர் மெஷின்கள், விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். எதை மாற்ற வேண்டும், எதை இணையத்திலிருந்து பிரித்துவிட்டுப் பில் போட மட்டும் வைத்திருக்கலாம் என்று நேர்மையாகச் சொல்ல ஒரு ஆள் தேவை. விற்பவர் எல்லாவற்றையும் மாற்றத்தான் சொல்வார். நீங்கள் விற்காதவர் என்பதுதான் உங்கள் முதல்.

அடுத்தது தமிழ். சங்கங்கள், பள்ளிவாசல், கோயில், பழைய அலுவலகம் எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், பெயரைத் தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றின் அங்கத்தவர் பட்டியலை, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன், மாற்றுகிற கருவி நிமிடத்தில் செய்துவிடும், ஆனால் பிறகு ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து சரிபார்க்க மூன்று இரவு போனது. தலைவர் தன் வாப்பாவின் பெயரைத் தட்டித் தேடி எடுத்த அன்றைக்கே காசைத் தந்தார். கொழும்பு நிறுவனம் இதற்கு வராது தம்பி.

கடல்முகத்தான் எழுதியது:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. இந்தக் கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன், அக்கா. பழைய கேபிள் அண்ணா, மன்னியுங்கள், முதல் அரை மணி நேரத்தை விடுதிக்கார அக்கா சொன்னபடியே வைக்கப்போகிறேன், ஆனால் தாளோடுதான்.

அந்த ஹாட்வெயார் கடைக்கும் ஒரு தாள் எழுதிவிட்டேன். சுவிட்சுகளை உயரத்தில் ஒரு பெட்டிக்குள் பூட்ட வேண்டும், வயர்களுக்குப் பெயர் ஒட்ட வேண்டும், பில் கணக்கு ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்று மூன்றே விஷயம், கீழே மாதத் தொகை. அப்பாவுக்குக் காட்டினேன், தொகையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு "நான் உன்னோடு வரவில்லை, நீ தனியப் போய்க் கேள்" என்றார். வியாழக்கிழமை காலை போகிறேன்.

பழைய கேபிள் எழுதியது:

அப்பா சொன்னது சரி. வெள்ளிக்கிழமை காலையில் போகாதீர்கள், கடையில் கூட்டமாக இருக்கும். வியாழன் பதினொரு மணிக்குப் பிறகு போங்கள், ஐயா சாவகாசமாக இருப்பார். வந்து எழுதுங்கள்.