கலைச்சொல்: எஜெக்டர், எக்ஸ்ட்ராக்டர் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு முறைக்கு ஒரே தோட்டா இடும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் பற்றிய கையேட்டை மொழிபெயர்க்கும் நண்பர், எஜெக்டருக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கும் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டதற்கு ஆளாளுக்குச் சொல் கொடுத்துவிட்டோம். அந்த இரண்டு உறுப்பும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிட்டுக் கொடுத்தோமா என்பதுதான் சந்தேகம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இரண்டுமே சுட்ட தோட்டாவை வெளியே அனுப்புபவைதாம். 'வெளியேற்றி' என்று ஒரே சொல் போதும்.

போதாது. அவர் மொழிபெயர்க்கும் அத்தியாயமே இரண்டில் எது உள்ள குழலை வாங்குவது என்பதைப் பற்றியது. ஒரே சொல்லைப் போட்டால் 'வெளியேற்றி நல்லதா, வெளியேற்றி நல்லதா' என்று தலைப்பு வைக்க வேண்டிவரும். தவிர, சமையலறைப் புகையை இழுக்கும் விசிறியையும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நடப்பது இதுதான். சுட்டவுடன் உள்ளே எழும் அழுத்தத்தில் தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து, அது உட்கார்ந்திருக்கும் அறையின் (குழலின் பின்நுனி) சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் காப்பதே அந்த ஒட்டல்தான். அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றே சுருங்கி விடுபடும், ஆனால் தானாக வெளியே வராது. குழலை மடக்கித் திறக்கும் துப்பாக்கியில், குழல் கீழே சாயும்போது கூட்டின் விளிம்புக்கு அடியில் இருக்கும் சிறு உறுப்பு அதைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துகிறது. அவ்வளவோடு நின்றால் எக்ஸ்ட்ராக்டர். கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டு விரலுக்காகக் காத்திருக்கும். அதே உறுப்பின் பின்னால் ஒரு வில்லை (ஸ்பிரிங்) வைத்து, குழல் நன்றாகத் திறந்த கணத்தில் அதை விடுவித்தால் எஜெக்டர். கூடு தோளுக்கு மேலே பறக்கும்.

வேறுபாடு ஒரு வில்லில்தான் இருக்கிறது. சொல்லும் அந்த வில்லைக் காட்ட வேண்டும்.

> எஜெக்டருக்கு 'உமிழி' எப்படி?

அழகான சொல்தான். ஆனால் உமிழ்வது வாய். கூடு வெளியேறுவது துப்பாக்கியின் வாயிலிருந்து அல்ல, அதன் முதுகுப்புறத்திலிருந்து. குண்டு பறக்கும் முன்பக்கத்தை வாசகர் நினைத்துக்கொள்வார்.

> எக்ஸ்ட்ராக்டருக்கு 'பிடுங்கி'. ஆணி பிடுங்கி போல.

பொருள் சரி. ஆனால் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'இந்தக் குழலில் பெரிய பிடுங்கி இருக்கிறது' என்று கையேட்டில் அச்சானால் புத்தகம் வேறு காரணத்துக்காகப் புகழ்பெறும்.

என் பரிந்துரை: எக்ஸ்ட்ராக்டர் 'உருவி', எஜெக்டர் 'சுண்டி'.

உறையிலிருந்து வாளை உருவுகிறோம், விரலிலிருந்து மோதிரத்தை உருவுகிறோம். இறுகப் பொருந்திய ஒன்றை அதன் நீளவாக்கிலேயே வெளியே இழுப்பது அது. அறைக்குள் இறுகிய கூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தோன்றவில்லை. வடிகட்டி, தாங்கி, கடத்தி என்ற வரிசையில் உருவியும் இயல்பாக உட்காரும். நாயுருவிச் செடியை வேலியோரம் பார்த்தவர்களுக்கு ஒலியும் புதிதல்ல.

சுண்டுவது விரலை வளைத்து, இறுக்கி, சட்டென்று விடுவது. நாணயத்தைச் சுண்டுகிறோம், கோலியைச் சுண்டுகிறோம், கேரம் பலகைக்கே சுண்டாட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வில்லைத் தேக்கி வைத்து ஒரு கணத்தில் விடும் எஜெக்டரும் அதைத்தான் செய்கிறது. 'எறி', 'தள்ளு', 'வீசு' எதிலும் அந்தத் தேக்கம் இல்லை. செயலுக்குப் பெயர் வேண்டுமென்றால் மட்டும் 'சுண்டுகை' என்று வைத்துக்கொள்வோம். 'சுண்டல்' என்றால் மெரினாவில் கூவி விற்பது நினைவுக்கு வந்துவிடும்.

இதற்கு எதிராக நானே ஒரு வாதம் வைக்கிறேன். தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைப் பின்னால் இழுத்துத் திறக்கும் ரைஃபிளில் இரண்டும் தனித்தனி உறுப்புகள். 1898ஆம் ஆண்டு ஜெர்மன் மவுசர் ரைஃபிளில் போல்ட்டோடு ஒட்டிய நீண்ட கொக்கி விளிம்பைப் பற்றி இழுக்கும். அது உருவி, சிக்கல் இல்லை. ஆனால் அதன் எஜெக்டர் அசையாமல் நிற்கும் ஒரு தகடு. பின்னால் வரும் கூட்டின் ஒரு பக்கம் அதில் இடிக்கிறது, மறுபக்கத்தைக் கொக்கி பிடித்திருக்கிறது, கூடு சுழன்று வெளியே விழுகிறது. அசையாத தகட்டைச் சுண்டி என்பது தகுமா? தகும் என்றே நினைக்கிறேன். கூட்டைப் பொறுத்தவரை அது சுண்டப்படுகிறது. ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள்.

இன்னும் தர்மசங்கடமானது மார்ட்டினி-ஹென்றி. பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்ற இந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிளில், கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் குழலின் பின்பக்கத்தை மூடும் அடைப்புக்கட்டை சாய்ந்து ஒரு சிறு கவையின் காலில் மோதும், கவையின் மேல்நுனி கூட்டை வெளியே தள்ளும். மெல்ல இறக்கினால் கூடு நகர்ந்து நிற்கும், வெடுக்கென்று இறக்கினால் பறந்து விழும். ஒரே உறுப்பு, இரண்டு வேலை. ஆங்கிலேயர் அதை எக்ஸ்ட்ராக்டர் என்றே எழுதினார்கள். வில் இல்லாததால் நாமும் உருவி என்றே சொல்லலாம். வெடுக்கென்று இழுப்பது வீரனின் கை, உறுப்பின் குணமல்ல.

உருவி தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தக் காலத்தில் சான்று உண்டு. மார்ட்டினியின் முதல் தோட்டாக்களில் கூடு மெல்லிய பித்தளைத் தாளைச் சுருட்டிச் செய்தது. சூடான அறையில் அது ஒட்டிக்கொண்டு, சூடான் போர்க்களங்களில் பலரைத் தவிக்கவிட்டது. அமெரிக்காவில் 1876 ஜூனில் பூர்வகுடிகளிடம் தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் தளபதி கஸ்டரின் குதிரைப்படை வைத்திருந்த 1873ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்குச் செப்புக் கூடு. மென்மையான செம்பு அறையில் சிக்கிக்கொள்ள, உருவி விளிம்பைக் கிழித்துக்கொண்டு தனியே வந்துவிடும். பிறகு கத்தியால் நெம்ப வேண்டியதுதான். தோல்விக்கு அதுவே காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1984இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த கூடுகளில் அப்படி நெம்பிய தடம் உள்ளவை சிலவே.

நண்பரின் கையேடு பேசும் அமெரிக்கத் துப்பாக்கிகளுக்கு வருகிறேன். 1967இல் வந்த தாம்ப்சன்/சென்டர் கன்டென்டரில் குழலை மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு குழலும் தன் உருவியோடு வரும். ஹாரிங்டன் & ரிச்சர்ட்சனின் மலிவான ஹேண்டி ரைஃபிளில் பல குழல்களில் சுண்டி. கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் உருவியைத்தான் விரும்புவார்கள். பித்தளை புல்லில் விழுந்து தொலைவதில்லை, விளிம்பு நசுங்குவதில்லை. தாழ்வாகத் தொலைநோக்கி பொருத்தியவருக்கோ கையுறை போட்ட குளிர்நாட்டு வேட்டைக்காரருக்கோ நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டை விரலால் பற்றுவது பாடு. அவர்களுக்குச் சுண்டி வரம். ஆனால் அந்தச் சுண்டி சுட்டது, சுடாதது என்று பார்க்காது. சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போதும் எகிறும், உள்ளங்கையால் மறித்துத்தான் திறக்க வேண்டும். விலையுயர்ந்த ஆங்கில இரட்டைக்குழல்களில் சுட்ட குழலின் கூட்டை மட்டும் எறியும் ஏற்பாடு உண்டு. தேர்ந்து சுண்டுவதால் அதைத் 'தேர்சுண்டி' என்று சொல்லிப் பார்த்தேன், கோயில் தேரோடு குழம்புகிறது. யாராவது காப்பாற்றுங்கள்.

விளிம்பு பற்றியும் ஒரு வரி. மடக்குத் துப்பாக்கிக்கு உகந்தது விளிம்பு வெளியே நீட்டிய தோட்டா; .30-30, .45-70 போன்றவை. உருவிக்குப் பிடி அதுதான். .308 போல விளிம்பு நீட்டாததற்குக் கூட்டின் பள்ளத்தில் கொளுவும் வில்நாக்கு வேண்டும், அது சில நேரம் வழுக்கும். ஐரோப்பியர் விளிம்பு நீட்டாத 7x57 தோட்டாவுக்கே விளிம்பு வைத்து 7x57ஆர் என்று தனியாகச் செய்துகொண்டது இதனால்தான்.

> சுட்ட பிறகு மிஞ்சுவதற்கு எங்களிடம் 'கோது' இருக்கிறதே. முட்டைக் கோது போல.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி. இதுவரை நான் எழுதிய 'கூடு' எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். கூடு என்றால் உள்ளே இன்னும் ஏதோ இருப்பது போலத் தொனிக்கிறது. கோது என்றாலே காலி. சுட்டதுக்குக் கோது, சுடாததுக்குத் தோட்டா என்று பிரித்துக்கொண்டால் கையேட்டில் பாதி அடைமொழிகள் உதிர்ந்துவிடும்.

நண்பர் நேற்று அனுப்பிய வாக்கியம்: "தானியங்கி வெளியேற்றும் பொறிமுறை கொண்ட குழல்களில் பயன்படுத்தப்பட்ட தோட்டா உறையானது விசையுடன் வெளியேற்றப்படும்." இப்போது இப்படி எழுதலாம்: "சுண்டி உள்ள குழலைத் திறந்தால் கோது எகிறும். உருவி உள்ளதில் நீட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள்தான் எடுக்க வேண்டும்."

தேர்சுண்டிக்கு மாற்றுச் சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள், தனிமடல் வேண்டாம்.