கடவுளுக்கு ஏன் இரத்தம்? லேவியர் 16உம் பெரிய வெள்ளிப் பாடமும்

கல்லாறு டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பெரிய வெள்ளிக்கு முந்தின ரெண்டு ஞாயிறும் 15, 16 வயசுப் புள்ளைகளுக்கு "பலியும் சிலுவையும்" பாடம். மெதடிஸ்த ஞாயிறு பாடசாலைதான், ஆனா கத்தோலிக்கப் புள்ளைகளும் மூணு நாலு பேர் வந்து இருப்பாங்க.

புள்ளைகள் கேக்கிற கேள்வி பாடப்புத்தகத்தில இல்ல. காத்தான்குடியில ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாடு அறுக்கிறாங்க, அம்மன் கோயிலுக்கு ஊராக்கள் நேர்த்தி வைக்கிறாங்க, நம்மட வேதத்திலயும் ஆடு வெட்டுறாங்க. எல்லாம் ஒண்டுதானே? கடவுள் மன்னிக்கிறவர் எண்டா சும்மா மன்னிக்க வேண்டியதுதானே, இரத்தம் எதுக்கு?

எனக்கு வேண்டியது: பாவநிவிர்த்தி நாளில (பழைய இஸ்ரவேலர் வருசத்துக்கு ஒருக்கா பாவம் தீர்க்க வச்ச நாள், லேவியர் 16) நடந்தது ஒழுங்குமுறையா, பரிகாரம், பிராயச்சித்தம், நிவிர்த்தி, கழுவாய் இதில எந்தச் சொல்லைப் பாவிக்கிறது, கத்தோலிக்கப் பூசை பலியா இல்லையா எண்டதை வகுப்பில சண்டை வராம எப்படிச் சொல்றது.

வாவிக்கரையான்

டீச்சர், "ஆடு நம்மட பாவத்தைச் சுமந்துகொண்டு நமக்குப் பதிலா வெட்டுப்பட்டது" எண்டு மட்டும் தொடங்காதீங்க. லேவியர் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசிக்கிற முதல் புள்ளையே மடக்கும். பாவம் சுமத்தின ஆடு வெட்டுப்படல்ல. வெட்டுப்பட்ட ஆட்டில பாவம் சுமத்தினதாக அங்க ஒரு சொல்லும் இல்ல.

நடந்த ஒழுங்கு இதுதான். ஏழாம் மாசம் பத்தாம் நாள். பிரதான ஆசாரியன் குளிச்சுப்போட்டு, பொன் வேலை செய்த உடுப்பை விட்டிட்டு, வெறும் சணல்நூல் உடுப்பு நாலு உருப்படி போடுவான்: அங்கி, உள்ளாடை, இடைக்கச்சை, தலைப்பாகை. தனக்கும் தன் வீட்டாருக்கும் ஒரு காளை, தகனபலிக்கு (முழுசா எரிக்கிற பலிக்கு) ஒரு ஆட்டுக்கடா. சனத்தின் பக்கமிருந்து ரெண்டு வெள்ளாட்டுக்கடா, தகனபலிக்கு ஒரு ஆட்டுக்கடா. வெள்ளாடு ரெண்டுக்கும் சீட்டுப் போடுவாங்க. ஒண்டு கர்த்தருக்கு. மற்றது போக்காடு, அதாவது வனாந்தரத்துக்குப் போகவிடுற ஆடு; எபிரேயத்தில அசாசேலுக்கு எண்டு இருக்கு.

முதல்ல காளையை வெட்டுவான். தணல் நிறைந்த தூபகலசமும் ரெண்டு கைப்பிடி தூபவர்க்கமும் எடுத்துத் திரைக்குள்ள, மகா பரிசுத்த ஸ்தலத்துக்குப் போவான். அந்தப் புகை கிருபாசனத்தை, அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை, மூடவேணும், இல்லாட்டி அவன் செத்துப்போவான் எண்டு 13ஆம் வசனம். பிறகு காளையின் இரத்தம்: விரலால கிருபாசனத்தின் கிழக்குப் பக்கமாத் தெளிச்சு, அதுக்கு முன்னால ஏழு தரம். அதுக்குப் பிறகுதான் கர்த்தருக்கெண்டு சீட்டு விழுந்த ஆட்டை வெட்டி, அதே மாதிரி. பிறகு வெளியில வந்து பலிபீடத்துக் கொம்புகளில ரெண்டு இரத்தத்தையும் பூசி, ஏழு தரம் தெளிப்பான்.

கவனிங்க, இரத்தம் எந்த மனுசர் மேலயும் படல்ல. படுறது இடத்தில. சனத்தின் தீட்டால பரிசுத்த ஸ்தலம் அழுக்காகிக் கிடக்கு, அதைச் சுத்தம் பண்ணுறாங்க. 16ஆம் வசனமும் 19ஆம் வசனமும் இதைத்தான் சொல்லுது. அந்த வேலை முடிஞ்ச பிறகே உயிரோட நிக்கிற ஆட்டின் தலையில ரெண்டு கையையும் வச்சு, சனத்தின் அக்கிரமத்தையெல்லாம் வாயால அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு ஒரு ஆளோட அனுப்புறது. ஒரு ஆடு சுத்தம் செய்யுது, மற்றது கொண்டுபோகுது. இதை ஒண்டாக் குழைச்சுப்போட்டா பாடமே போச்சு.

"ஏன் இரத்தம்" எண்டதுக்கு லேவியர் 17:11: உயிர் இரத்தத்தில இருக்கு. பழைய மொழிபெயர்ப்பில "கட்டளையிட்டேன்" எண்டு வாற இடத்தில எபிரேயச் சொல் "தந்தேன்". பலிபீடத்துக்கு இரத்தத்தைத் தாறது கடவுள், மனுசனுக்கு. கடவுளுக்குப் பசிச்சு மனுசன் குடுத்த சாப்பாடு இல்ல. புள்ளைகளின்ட கேள்வியைத் திருப்பிப் போடுற வசனம் இதுதான்.

அக்கரைப்பற்று வாசகன்

வாவிக்கரையான் அண்ணன் சொன்ன ஒழுங்கு சரி. ஆனா ஒரு பக்கம் சாஞ்சுபோட்டீங்க. தண்டனை எண்ட எண்ணத்தை வேதத்திலிருந்து முழுசாத் துடைக்க ஏலாது. ஏசாயா 53:5இல "ஆக்கினை அவர்மேல் வந்தது" எண்டு இருக்கு. அதே அதிகாரம் 10ஆம் வசனத்தில குற்றநிவாரணபலி எண்ட சொல்லே வருது. கலாத்தியர் 3:13 "நமக்காகச் சாபமாகி" எண்டு சொல்லுது. நமக்குப் பதிலாக எண்டது லேவியர் 16இல இல்லாட்டியும், ஏசாயாவிலயும் பவுலிலயும் இருக்கு. எந்த அதிகாரத்தில இருந்து எந்த எண்ணம் வருது எண்டு பிரிச்சுச் சொன்னாக் காணும்.

இதைப் பற்றிச் சபைக்குள்ளயே ஒரே விளக்கம் இருந்ததில்ல. பழைய காலத்தில மீட்பின் விலை, சாவின் மேல வெற்றி எண்டுதான் கூடுதலாப் பேசினாங்க. நாசியான்சின் கிரகோரி எண்ட ஆயர் நாலாம் நூற்றாண்டிலயே கேட்டார்: அந்த விலை ஆருக்குக் குடுபட்டது? பிசாசுக்கெண்டா அவமானம், பிதாவுக்கெண்டா அவர் எங்களை அடிமைப்படுத்தி வச்சிருக்கல்லயே. 1098இல அன்செல்ம் எண்ட இறையியலாளர் எழுதி முடிச்ச நூலில கடவுளின் மகிமைக்குச் செய்யவேண்டிய ஈடு எண்டு வருது. அன்செல்ம் தண்டனை எண்டு சொல்லல்ல. ஒண்டில் ஈடு, இல்லாட்டித் தண்டனை எண்டு ரெண்டையும் பிரிச்சவர். தண்டனையை நமக்குப் பதிலா ஏற்றார் எண்டதை அழுத்தினது 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர், முக்கியமாக் கல்வின். அன்செல்முக்குப் பிறகு வந்த அபெலார்ட் எண்ட இறையியலாளர் அன்பைக் கண்டு நம்மட மனம் திரும்புறதை முன்னுக்கு வச்சார்.

வகுப்பில செய்யக்கூடாத ஒண்டு: ரயிலைக் காப்பாத்த மகன் நசிஞ்சு சாகட்டும் எண்டு பாலத்தை இறக்கிற தகப்பன் கதை. பிரசங்கத்தில அழவைக்கும், ஆனா உபதேசமாப் பிழை. அந்தக் கதையில மகனுக்கு ஒண்டும் தெரியாது. யோவான் 10:18இல "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளான்" எண்டு இயேசுவே சொல்லுறார். கோபக்காரப் பிதா, இரக்கமுள்ள குமாரன் எண்டு ரெண்டாப் பிளந்தா திரித்துவமும் உடையும். 2 கொரிந்தியர் 5:19ஐ வச்சுக்கொள்ளுங்க, தேவன் கிறிஸ்துவுக்குள்ள இருந்துதான் உலகத்தை ஒப்புரவாக்கினார்.

தம்பிலுவில் மாஸ்டர்

"இரத்தம் சிந்தாமல் மன்னிப்பே இல்லை" எண்டு மேடையில சத்தமாச் சொல்றவங்க எபிரெயர் 9:22இன்ட முதல் பாதியை விழுங்கிப்போடுவாங்க. அங்க "கொஞ்சங்குறைய எல்லாம்" எண்டு இருக்கு. அந்தக் கொஞ்சம் எது எண்டு பார்க்க லேவியர் 5க்குப் போகவேணும். சாதாரண சனத்தில ஒருத்தன் பெண் ஆட்டுக்குட்டி கொண்டுவரவேணும். ஏலாட்டி ரெண்டு காட்டுப்புறா அல்லது ரெண்டு புறாக்குஞ்சு. அதுக்கும் வழியில்லாட்டி எப்பா எண்ட அளவில பத்தில் ஒரு பங்கு மெல்லிய மா, ஏறத்தாழ ரெண்டு லீற்றர், எண்ணெயும் தூபவர்க்கமும் போடாம. அதுவும் பாவநிவாரண பலிதான், மன்னிப்பும் கிடைக்கும். கூலிக்கு வயல் வெட்டுறவனுக்கும் கட்டக்கூடிய அளவுக்கு இறக்கி வச்ச ஒழுங்கு.

மற்றது, பலி போட்டா எல்லாம் சரி எண்டு புள்ளைகள் நினைக்கக்கூடாது. லேவியர் 6:1–7: அயலவனை ஏமாத்தினவன் முதலையும் குடுத்து ஐந்திலொரு பங்கு கூடவும் குடுக்கவேணும். குத்தகைக் காசில 50,000 ரூபா சுத்தினவன் 60,000 திருப்பிக் குடுத்துத்தான் ஆட்டுக்கடாவோட வரலாம். துணிகரமா, வேணுமெண்டு செய்ததுக்கோ எண்ணாகமம் 15:30 பலியே சொல்லல்ல. யூதருடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இதே வழிதான்: கடவுளுக்கு விரோதமான பாவத்தைப் பாவநிவிர்த்தி நாள் தீர்க்கும், அயலவனுக்குச் செய்ததை அயலவனைச் சமாதானப்படுத்தும் வரைக்கும் தீர்க்காது. மத்தேயு 5:23–24இல காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால வச்சிட்டுப் போ எண்டது இதுதான்.

இனி அந்த "எல்லாம் ஒண்டா" கேள்வி. குர்பான், உழ்ஹிய்யா எண்டு முஸ்லிம் சகோதரர் குடுக்கிறது பாவத்துக்கான பலி இல்ல. இப்ராஹீம் நபியின் கீழ்ப்படிவை நினைச்சுக் குடுக்கிறது. ஆடு ஒண்டு ஒருத்தருக்கு, மாடு ஒண்டில ஏழு பேர் பங்கு, இறைச்சி வீட்டாருக்கும் சொந்தத்துக்கும் ஏழைக்கும். இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வைச் சேராது, இறையச்சமே சேரும் எண்டு அல்குர்ஆன் 22:37 சொல்லுது. அம்மனுக்கு வைக்கிற நேர்த்திக்கடன், கேட்டது கிடைச்சதுக்கு வாக்கை நிறைவேத்துறது. லேவியரில இந்த ரெண்டுக்கும் கிட்ட நிக்கிறது சமாதானபலி, 7ஆம் அதிகாரம். குடுத்தவனும் சாப்பிடலாம்; நேர்த்தியாக் குடுத்ததெண்டா அடுத்த நாளும் சாப்பிடலாம், மூணாம் நாள் மிஞ்சினதைச் சுட்டெரிக்கவேணும். பாவநிவாரண பலியைக் குடுத்தவன் வாயில வைக்க ஏலாது. உள்ளுக்கு இரத்தம் கொண்டுபோன பலியை ஆசாரியனும் சாப்பிடான், பாளயத்துக்கு வெளியில எரிப்பாங்க. "நகர வாசலுக்குப் புறம்பே" எண்டு எபிரெயர் 13:12 இயேசுவைச் சொல்றது இதை வச்சுத்தான்.

ஆகவே ஆரையும் குறைச்சுப் பேசாம, பலியில வகை இருக்கு எண்டு சொல்லிக் குடுங்க.

புளியந்தீவு

சொற்களைப் பற்றிக் கேட்டீங்க. பரிகாரம் எண்டா நம்ம ஊரில சாத்திரம் பாத்துச் செய்யிறது, தோஷம் கழிக்கிறது, அதைத் தொடாதீங்க. பிராயச்சித்தம் எண்டா பாவம் செய்தவனே தனக்குச் செய்துகொள்றது. சிலுவைக்கு அது தலைகீழ். பழைய வேதாகமத்தில பாவநிவிர்த்தி, கிருபாதாரபலி. கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில கழுவாய். "நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே" எண்டு 1 யோவான் 2:2. புதுசா உருவாக்கின சொல் எண்டு சிலர் நினைக்கிறாங்க, ஆனா புறநானூறு 34ஆம் பாட்டிலயே பெரும் பாவத்துக்கும் "கழுவாயும் உள" எண்டு வருது. எனக்குப் பிடிச்ச சொல் அதுதான். கழுவுதல் காதில விழுது, லேவியர் 16இன்ட சுத்திகரிப்பும் அதுக்குள்ள நிக்குது.

ஒரு நுணுக்கம்: ரோமர் 3:25இல கிருபாதாரபலி எண்டு மொழிபெயர்த்த கிரேக்கச் சொல்லே எபிரெயர் 9:5இல கிருபாசனம் எண்டு வருது. அதாவது பவுல் இயேசுவை இரத்தம் தெளிபட்ட அந்த மூடி எண்டே சொல்லியிருக்கலாம்.

பூசை விசயம். 1562 செப்டெம்பர் 17, கத்தோலிக்கச் சபையின் திரெந்து பொதுச்சங்கத்தின் 22ஆம் அமர்வு: திருப்பலி மெய்யான கழுவாய்ப் பலி, பலிப்பொருள் சிலுவையில ஒப்புக்குடுத்த அதே கிறிஸ்து, ஒப்புக்குடுக்கிற விதம் மட்டும் வேறு, இரத்தம் சிந்தாதது. திரும்பச் சாகடிக்கிறது எண்டு கத்தோலிக்க போதனை ஒருநாளும் சொல்லல்ல. மற்றப் பக்கம், அங்கிலிக்கன் சபையின் 39 கொள்கைப் பிரமாணங்களில 31ஆவது, கிறிஸ்து ஒரேதரம் ஒப்புக்குடுத்ததே போதும் எண்டு பூசைப்பலிகளைக் கடுமையா மறுக்குது. மெதடிஸ்தருக்காக அவங்கட தலைவர் ஜோன் வெஸ்லி 1784இல சுருக்கின பிரமாணங்களிலயும் அது இருக்கு. ஆனா அதே வெஸ்லியும் தம்பி சார்ள்ஸும் 1745இல வெளியிட்ட திருவிருந்துப் பாடல்களில, நற்கருணை ஒரு பலியைக் குறிக்கும் எண்டு ஒரு பகுதியே உண்டு. புள்ளைகளிட்ட "ஒரேதரம்" எண்ட எபிரெயர் 10:10ஐ ரெண்டு பக்கமும் ஏத்துக்கொள்ளுது எண்டு தொடங்குங்க. வித்தியாசம், அந்த ஒரே பலி மேசையில எப்படி இருக்குது எண்டதில.

பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு பாதர் குடுக்கிற அபராதம் (செபமோ நற்செயலோ) மன்னிப்புக்கு விலை எண்டு கத்தோலிக்கப் புள்ளைகளே நினைக்கிறது வழக்கம். மன்னிப்பு முதல்ல கிடைச்சாச்சு; அபராதம் பாவம் விட்டுப்போன காயத்தைச் சீராக்கிறதுக்கு.

கல்லாறு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. பாஸ்கா (எகிப்திலிருந்து விடுதலையான நாள்) ஆட்டுக்குட்டியையும் இதோட சேர்க்கலாமா? மற்றது, இந்தப் பலி நடந்த கூடாரத்தைத் தரையில அடையாளம் போட்டுக் காட்டலாம் எண்டு யோசிக்கிறன், அளவு ஆருக்கும் தெரியுமா?

வாவிக்கரையான்

பாஸ்காவைத் தனி நாளாக்குங்க. அது முதலாம் மாசம். பத்தாம் நாள் தெரிஞ்சு, 14ஆம் நாள் அந்தியில அடிச்சு, ஈசோப்புச் செடிக்கொத்தால இரத்தத்தை வாசல் நிலையில பூசி, வீட்டாராச் சாப்பிடுறது. பாவநிவாரண பலி இல்ல, விடுதலை. இயேசு இறந்தது பாஸ்காக் காலத்தில. பாவநிவிர்த்தி நாளுக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கு. சுவிசேஷக்காரர் ஏன் பாஸ்காவோட கட்டுறாங்க, எபிரெயர் நிருபம் ஏன் மற்ற நாளோட கட்டுது எண்டு கேட்டாலே பாதி வகுப்பு போகும்.

அளவு: ஒரு முழம் 45 சென்ரிமீற்றர் எண்டு வச்சா, பிராகாரம் (கூடாரத்தைச் சுத்தின வளவு) 45க்கு 22.5 மீற்றர். கோயில் வளவு காணாட்டி அரைவாசி அளவில போடுங்க: 22.5க்கு 11.25, சுத்திவரக் கயிறு 67.5 மீற்றர். அந்த அளவில கூடாரம் 6.75க்கு 2.25, அதில மேற்குக் கடைசி 2.25 சதுரம்தான் மகா பரிசுத்த ஸ்தலம், திரைக்கு ஒரு சீலை கட்டினாக் காணும். வெண்கலப் பலிபீடம் கூடாரத்துக்கும் வாசலுக்கும் நடுவில, ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட. கிருபாசனத்தை மட்டும் முழு அளவில வெட்டுமட்டையில செய்யுங்க, 112க்கு 67 சென்ரிமீற்றர். எவ்வளவு சின்னது எண்டு புள்ளைகள் பாக்கட்டும்.

திசையைப் பிழைக்கவிடாதீங்க. பிராகார வாசல் கிழக்கு, உங்கட அரை அளவில 4.5 மீற்றர் அகலம். கல்லாறில அது கடல் பக்கம். ஆசாரியன் கடலுக்கு முதுகு காட்டி வாவிப் பக்கம் நடக்கவேணும். திரைக்குள்ள மூண்டு தரம், புகையோட ஒருக்கா, காளை இரத்தத்தோட ஒருக்கா, ஆட்டு இரத்தத்தோட ஒருக்கா. போக்காடாப் போற புள்ளையைக் கிழக்கு வாசலால வெளியில விட்டு, திரும்பி வர விடாதீங்க.