அந்தரா ஊசி தேதி தாண்டிவிட்டது, போட நர்சம்மா இல்லை

வணக்கம். எங்களுடையது ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊர். என் தங்கைக்கு 8 மாதக் குழந்தை, தாய்ப்பால் கொடுக்கிறாள். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி இரண்டு தடவை போட்டாயிற்று. கடைசியாகப் போட்டது பிப்ரவரி 10. அடுத்தது மே 10. இன்று மே 24. 4 வாரம் வரை தாமதமானாலும் போடலாம் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அப்படியென்றால் இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

அவர் மாற்றலாகிப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. வீடு தேடி வந்து, மாமியாரையும் உட்காரவைத்துப் பேசிப் புரியவைத்தவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் தங்கை இந்த ஊசிக்கே போயிருக்க மாட்டாள். இப்போது துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு முறை பஸ் பிடித்துப் போனோம், ஊசி இருப்பு இல்லை என்றார்கள். சாயா என்ற கருத்தடை மாத்திரையும் இல்லை. காப்பர்-டி முதல் பிரசவத்துக்குப் பிறகு வைத்து, உதிரப்போக்கு அதிகமாகி எடுத்துவிட்டோம். இப்போதைக்கு ஆணுறைதான்.

ஜூன் 7-க்குள் வேறு ஊர் துணை நிலையத்திலோ திருவண்ணாமலை அரசு மருத்துவமனையிலோ ஊசி அட்டையைக் காட்டினால் போடுவார்களா?