கலைச்சொல்: ‘சூயுஸ் ஹேரெஸ்’ – நேரடி வாரிசா, மனைவாரிசா, அகவாரிசா?

வணக்கம்.

ரோமச் சட்டச் சொற்பட்டியலில் ‘சூயுஸ் ஹேரெஸ்’ என்பதற்கு ‘நேரடி வாரிசு’ என்று போட்டிருக்கிறோம். இது நிற்காது. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டம் (கி.மு. 451–450) இரத்த உறவைப் பார்ப்பதில்லை. சாகும் நேரத்தில் அவருடைய தந்தையாட்சியில் (குடும்பத் தலைவருக்குப் பிள்ளைகள், மகன்வழிப் பேரர்கள் மீதிருந்த சட்ட அதிகாரம்) இருந்தவர், அவர் போனதும் யாருக்கும் கட்டுப்படாதவராக ஆகிறவர் யார் என்றே பார்க்கிறது. அவரே ‘சூயுஸ் ஹேரெஸ்’. தத்துப்பிள்ளை உண்டு. கணவனின் ‘மானுஸ்’ அதிகாரத்துக்குள் வந்த மனைவி, மகள் இடத்தில் நின்று பங்கு வாங்குவாள். தந்தையாட்சியில் உள்ள மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. மகன் ஆட்சிக்குள் உயிரோடு இருக்கும்வரை அவன் வழிப் பேரனுக்கு ஒன்றுமில்லை. தந்தையே ஆட்சியிலிருந்து நீக்கிவிட்ட சொந்த மகனுக்கும் இடமில்லை. ‘நேரடி’ என்றாலோ படிப்பவர் அவனைத்தான் முதலில் சேர்த்துக்கொள்வார்.

என் பரிந்துரை: மனைவாரிசு. ரோமச் சட்ட அறிஞர் காயுஸ் இவர்களை வீட்டு வாரிசுகள் என்றே விளக்குகிறார்.

———

> என் பரிந்துரை: மனைவாரிசு.

ஐயா, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்த யாரும் இதை வீட்டுமனைக்கு வாரிசு என்றுதான் படிப்பார்கள். தவிர, குடியிருப்பு இங்கே பொருட்டே இல்லை. தொலைதூர மாகாணத்தில் படையில் இருக்கும் மகனும் தந்தையாட்சிக்குள்தான். ‘சட்டப்படி வாரிசு’ என்றும் மாற்ற முடியாது. அடுத்த வரிசையில் வரும் ஆண்வழி உறவினரும் சட்டப்படி வாரிசுகளே.

‘அகவாரிசு’ என்று வைக்கலாம். ‘எக்ஸ்ட்ரானேயுஸ்’ (உயில் எழுதியவரின் ஆட்சிக்குள் இல்லாத வாரிசு) என்ற எதிர்ச்சொல்லுக்குப் ‘புறவாரிசு’ கூடவே கிடைத்துவிடுகிறது. இந்த இணை காயுஸின் பகுப்போடு பொருந்துகிறது. ஆட்சி நீங்கிய மகனை உயிலில் வாரிசாக எழுதினாலும் அவன் புறவாரிசுதான். தாய் தன் பிள்ளைகளை எழுதினாலும் அப்படியே, பெண்ணுக்குத் தந்தையாட்சி கிடையாது என்பதால்.

அகவாரிசு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாதவர். கடனும் சேர்ந்தே அவர் தலையில் இறங்கும். ஒதுங்கிக்கொள்ளும் வழியைப் பிரேட்டர் என்ற நீதி அதிகாரிதான் பிறகு தந்தார். புறவாரிசுக்கு ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

———

அகவாரிசுக்கு என் வாக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பிரேட்டர் சொத்து வழங்கும் வரிசையில் முதல் வகுப்பான ‘லீபெரி’க்கு (ஆட்சி நீங்கிய பிள்ளைகளும் இதில் உண்டு) இந்தச் சொல்லைப் போடாதீர்கள். அதற்குப் ‘பிள்ளைகள் வகுப்பு’ போதும். கணக்குப் போட்டால் வேறுபாடு தெரியும்.

ஒருவருக்கு மூன்று மகன்கள். ஒருவன் ஆட்சிக்குள் இருக்கிறான். ஒருவன் ஆட்சி நீங்கியவன், பிள்ளையில்லாதவன். மற்றவன் இறந்துவிட்டான், அவனுடைய இரண்டு மகன்கள் தாத்தாவின் ஆட்சியில். பலகைச் சட்டப்படி ஆட்சிக்குள் இருப்பவனுக்கு 1/2, பேரன்களுக்கு ஆளுக்கு 1/4. கிளைவாரிப் பங்கு, தலைவாரி அல்ல. ஆட்சி நீங்கியவன் ஓராண்டுக்குள் பிரேட்டரிடம் கேட்டால் 1/3, 1/3, பேரன்களுக்கு ஆளுக்கு 1/6 என்று மாறும். ஆனால் தனியாக இருந்து சேர்த்த சொத்தை அவன் பொதுவில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆட்சிக்குள் இருந்தவன் சம்பாதித்ததெல்லாம் தந்தை கணக்கில் போயிருக்கும்போது, இவன் மட்டும் இரண்டு பக்கமும் வாங்குவது நியாயமில்லை அல்லவா?

உயில் பகுதியிலும் கவனம் தேவை. ஆட்சியிலுள்ள மகனை வாரிசாக்கவும் இல்லை, பெயர் சொல்லி விலக்கவும் இல்லை என்றால் உயிலே செல்லாது. மகளையும் பேரனையும் ‘மற்றவர் அனைவரும்’ என்று மொத்தமாக விலக்கலாம். மகளைச் சொல்லாமல் விட்டால் உயில் நிற்கும், அவளும் பங்குக்கு வந்து சேர்ந்துகொள்வாள். ஆட்சி நீங்கிய மகனை விட்டால் பழைய சட்டத்தில் உயிலுக்கு ஒன்றும் ஆகாது. அவன் பிரேட்டரிடம்தான் போக வேண்டும்.

‘எமான்சிபாட்டுஸ்’ என்பதற்குப் பட்டியலில் உள்ள ‘விடுதலை பெற்றவன்’ விடுவிக்கப்பட்ட அடிமையோடு குழம்பும். மகனை மூன்று முறை விற்பதுபோல் செய்து நீக்குவது, மகளுக்கும் பேரனுக்கும் ஒருமுறை போதும் என்பது வேறு நடைமுறை. ‘ஆட்சி நீங்கியவர்’ என்றே பதிவோம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.