பின்பக்க ஷாக் அப்சார்பர் குமிழ் கைக்கு எட்டவில்லை, என்ன வழி?

கேள்வி:
டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் விறைப்பு) மாற்றக்கூடிய காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அமைப்பு) போட்டிருக்கிறேன். முன்பக்கம் பிரச்சினையே இல்லை, பானெட்டைத் திறந்து திருகிவிடலாம். பின்பக்கக் குமிழ் டிக்கியின் பக்கவாட்டு டிரிம்முக்குள் (உட்புற மூடுபலகைக்குள்) ஒளிந்திருப்பதால் ஒவ்வொரு தடவையும் டிரிம்மைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது, கிளிப்புகளும் உடைகின்றன. நிரந்தரமாக ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 1:
வளையும் எக்ஸ்டென்ஷன் கேபிள் போடுங்கள். ஒரு முனை அட்ஜஸ்டர் தண்டை (குமிழ் உட்காரும் தண்டு) சிறு ஸ்க்ரூவால் பிடித்துக்கொள்ளும், மறுமுனையில் இருக்கும் குமிழை வசதியான இடத்தில் வைக்கலாம். வாங்கும் முன் தண்டின் விட்டத்தை அளந்துவிடுங்கள். முக்கியமாக, கேபிளைக் கூர்மையாக வளைக்காதீர்கள். வளைத்தால் நீங்கள் திருகுவது கேபிளின் முறுக்கிலேயே போய்விடும், ஒரு படி நகர்ந்ததைச் சொல்லும் கிளிக் விழுந்ததா இல்லையா என்று விரலுக்கும் தெரியாது.

பதில் 2:
குமிழ் டிரிம்முக்கு நேர் பின்னால் இருந்தால் கேபிளே வேண்டாம், டிரிம்மில் ஒரு துளை போட்டு ரப்பர் மூடி வைத்தால் போதும். ஆனால் டிரிம்மைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளைக்க வேண்டும். பின்னால் வயரிங் ஓடும், சில கார்களில் ஏர்பேக் பாகங்களும் அந்தப் பக்கம் வரும்.

கேள்வி கேட்டவர்:
என் காரில் தண்டு மேல்நோக்கி இருக்கிறது, மேலே ஸ்பீக்கர் தட்டு. அப்படியென்றால் கேபிள்தான். கிளிக்கை எங்கிருந்து எண்ணுவது?

பதில் 1:
முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முடிவு வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் பலமாகத் திருகினால் உள்ளே ஊசி வால்வு கெடும். அப்புறம், இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கட்டும்.